நின்றுபோன வீட்டு வழக்கங்களுக்குத் திரும்புதல்: அடுக்களையை முதலில் ஒழிப்பதா, அன்றாடத்தை முதலில் மீட்பதா? (புனைபெயர்களில் எழுதுபவர்களின் உரையாடல்)

புலர்காலை

குடும்பத்தில் ஒருவருடைய நீண்ட நோய்க்காலத்தில் எங்கள் வீட்டு வேலைகள் எல்லாம் அன்றைக்கு எது இயன்றதோ அந்த அளவில் மட்டுமே நடந்துவந்தன. இப்போது அவர் நன்கு தேறி, வேலைக்கும் திரும்பிவிட்டார். அடுக்களை மட்டும் இன்னும் அந்த நாட்களிலேயே நிற்கிறது. சமையல் மேடையின் பாதியை மருந்துப் பெட்டிகளும், உணவு கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தரவேண்டிய பாத்திரங்களும், பிரித்ததும் பிரிக்காததுமான பொட்டலங்களும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. இருப்பது கண்ணில் படாததால் ஒரே பொருளை மறுபடி மறுபடி வாங்கியிருக்கிறோம். இரவில் பற்றுப் பாத்திரங்களைத் துலக்கி வைத்துவிட்டுப் படுப்பதும், வாரத்துக்கு ஒருமுறை இருப்பைப் பார்த்துப் பட்டியல் எழுதுவதும் எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் யாரும் நினைவூட்டாமலே நடந்தவை, இரண்டும் விட்டுப்போயின.

என் ஐயம் இதுதான். ஒரு விடுமுறை நாளை முழுவதும் ஒதுக்கி, அடுக்களையைத் தலைகீழாக ஒழித்து, அதன் பிறகு பழைய வழக்கங்களைத் தொடங்குவது சரியா? அல்லது இருக்கிற நெரிசலுக்குள்ளேயே வழக்கங்களை முதலில் மீட்டுக்கொண்டு, ஒழிப்பதைப் பிறகு பார்ப்பது சரியா? இப்படி ஓர் இடைவெளிக்குப் பின் திரும்பியவர்கள் தங்கள் அனுபவத்தையும் அறிந்ததையும் பகிர்ந்துகொள்ள வேண்டுகிறேன்.

அலமாரி

ஒரே மூச்சில் ஒழிப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஒரு வகைப் பொருள்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் குவித்துப் பார்க்கும்போதுதான் நம்மிடம் எத்தனை இருக்கின்றன என்பதே தெரியவருகிறது. கரண்டிகள் மூன்று இழுப்பறைகளில் பிரிந்து கிடக்கும் வரை, ஒவ்வோர் இழுப்பறையும் அளவோடுதான் இருப்பதாகத் தோன்றும். மூடியில்லாத டப்பாக்களும் டப்பாயில்லாத மூடிகளும் வெளிப்படுவதும் அப்படிக் குவிக்கும்போதுதான்.

நெரிசல் மனத்தையும் உடலையும் அழுத்துகிறது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், கணவன் மனைவி இருவருமே வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் அவரவர் வீட்டை அவரவரே சுற்றிக்காட்டி விவரிக்கச் செய்து, அவர்களுடைய உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் அழுத்த ஹார்மோனின் அளவையும் பார்த்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். தம் வீட்டை நெரிசலும் முடிக்கப்படாத வேலைகளும் நிறைந்ததாக விவரித்த பெண்களுக்கு, காலையிலிருந்து மாலைக்கு இயல்பாக இறங்கவேண்டிய அந்த அளவு போதிய சரிவோடு இறங்கவில்லை. அந்த நெரிசலுக்குள்ளேயே நின்றுகொண்டு புதிய வழக்கத்தைத் தொடங்குங்கள் என்று சொல்வது அவர்கள்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.

சீர்நடை

மேலே சொல்லப்பட்ட ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் அதில் இருந்தே எனக்கு எதிர்த்திசையில் ஒரு முடிவு தோன்றுகிறது. அந்தப் பெண்களை அழுத்தியவற்றுள் நெரிசலோடு முடியாத வேலைகளும் சேர்ந்திருந்தன. அடுக்களை முழுவதையும் வெளியே எடுத்துக் குவித்துவிட்டுப் பாதியில் களைத்துப்போனால், வீட்டிலேயே மிகப் பெரிய முடியாத வேலையை நாமே உருவாக்கியவர்கள் ஆகிறோம். நீண்ட நாள் ஒருவரைப் பராமரித்து இப்போதுதான் மீண்டு வருபவருக்கு அப்படிப் பாதியில் நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். மறுநாள் காலையில் அடுப்பு பற்றவைக்க இடமில்லாமல், எடுத்தவற்றை எடுத்த இடத்திலேயே திணிக்க நேரும்.

நான் கேட்டுக்கொள்வது, வழக்கத்தை முன்னால் வையுங்கள் என்பதே. அடுக்களையில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தீர்மானிக்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். இப்போதைய வாழ்க்கையில் உண்மையாகவே என்ன சமைக்கிறோம், எத்தனை பேர் உண்கிறோம், எந்த வேளையில் அவசரம் என்பதே அந்த அளவுகோல். நோய்க்காலத்துக்கு முந்தைய வாழ்க்கையும் இப்போதைய வாழ்க்கையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. சில வாரங்கள் ஒழுங்காகச் சமைத்துப் பார்க்காமல் இன்றே கழிப்பவர், நினைவில் இருக்கும் பழைய வீட்டுக்காகக் கழிக்கிறார். விருப்பத்தில் இருக்கும் கற்பனை வீட்டுக்காக வைத்துக்கொள்கிறார்.

1926-இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்து, பிராங்க்பர்ட் நகரில் ஏறத்தாழ 10,000 குடியிருப்புகளில் பொருத்தப்பட்ட சமையலறையை இங்கே எண்ணிப்பார்க்கலாம். ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் என்ற சிறிய இடத்தில், எட்டி எடுக்கும் தூரத்தில் எல்லாம் அமையவேண்டும் என்று கணக்கிட்டுச் செய்த அரிய வேலை அது. மாவு, தானியம் போன்ற உலர்பொருள்களுக்கென்று பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகளையும் அதில் வைத்திருந்தார். குடிவந்தவர்களோ அவற்றில் பெயரில் இருந்ததை விட்டுவிட்டு வேறு பொருள்களைப் போட்டுவைத்தார்கள். அத்தனை கவனமாக ஆராய்ந்தவருடைய திட்டமே அங்கே வாழ்பவர்களுடைய கைப்பழக்கத்துக்கு முன் விட்டுக்கொடுக்க நேர்ந்தது என்றால், ஒரு விடுமுறை நாளில் நாம் போடும் திட்டத்தின்மேல் அளவுமீறிய நம்பிக்கை வைக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒரே ஒரு வழக்கத்தில் தொடங்குங்கள். இரவில் தொட்டியைக் காலி செய்து, மேடையைத் துடைத்து, அடுக்களையை ஏறக்கட்டிவிட்டுப் படுப்பதுதான் என் தேர்வு. மறுநாள் காலை எல்லா வேலையும் அதிலிருந்தே தொடங்குகிறது. அந்த வழக்கத்துக்கு எவ்வளவு இடம் தேவையோ அவ்வளவு இடத்தை மட்டும் இப்போது ஒழியுங்கள்.

கைத்துணை

நோயிலிருந்து மீள்பவர்களை அன்றாட வேலைகளுக்குத் திரும்பச் செய்யும் சிகிச்சைத் துறையில் பணிபுரிகிறேன். எங்கள் துறையில் நோயாளிக்குச் சொல்வதைப் பராமரித்தவர்களுக்கும் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் அவர்களுடைய களைப்பு வெளியே தெரிவதில்லை. எதை முதலில் செய்வது, எப்போது செய்வது, எந்த வேகத்தில் செய்வது, எந்த நிலையில் இருந்துகொண்டு செய்வது என்ற நான்கையும் முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள். களைத்த பிறகு ஓய்வெடுப்பதைவிடக் களைப்பதற்கு முன்பே நிறுத்துவது நல்லது. உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட முயல்பவர்கள் அடுத்த பல நாட்களை இழக்கிறார்கள்.

காய் நறுக்குவதையும் டப்பாக்களைத் துடைப்பதையும் உட்கார்ந்தே செய்யலாம். கனமான பாத்திரங்களும் மிக்ஸியும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும். பரணிலும் தரைமட்டத்து அடுக்கிலும் இலேசானவையும் எப்போதாவது தேவைப்படுபவையும் போதும். பரண் வேலையை வீட்டில் இன்னொருவர் இல்லாதபோது செய்யாதீர்கள்.

புலர்காலை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சீர்நடை அவர்கள் கூறிய இரவு வழக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது, ஆனால் ஓர் அச்சம். முன்பும் இரண்டு வாரம் எல்லாம் சீராக நடந்து, ஒருநாள் தவறியதும் அப்படியே கைவிட்டுப்போன காலங்கள் உண்டு. தவறும் நாளை எப்படி எதிர்கொள்வது?

பொருள்களில் எனக்கு மிகவும் கடினமாக இருப்பவை உணவுப்பொருள்கள். கெட்டுவிட்டதா இல்லையா என்று தெரியாமலே பலவற்றை மறுபடி உள்ளே வைத்துவிடுகிறேன். நல்ல உணவை எறிய மனம் வருவதில்லை.

சீர்நடை

முதல் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைத் தம் விருப்பப்படி ஒரு புதிய செயலைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு நாளும் ஒரே சூழலை ஒட்டி 12 வாரம் செய்துவரச் சொன்னார்கள். காலை உணவுக்குப் பிறகு ஒரு குவளைத் தண்ணீர் குடிப்பது போன்றவை அந்தச் செயல்கள். செயல் தன்னியல்பாக ஆவதற்கு எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாட்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபடும் என்று அவர்களுடைய கணக்கு காட்டியது. எளிய செயல்கள் விரைவாகவும் உடற்பயிற்சி போன்றவை தாமதமாகவும் படிந்தன. 2009-இல் இணையத்திலும் 2010-இல் அச்சிலும் வெளிவந்த அந்தக் கட்டுரையில் உங்கள் அச்சத்துக்கு நேரடியான மறுமொழியும் இருக்கிறது: ஒருநாள் தவறவிட்டது வழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை.

இதிலிருந்து இரண்டு செய்திகளை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, வழக்கத்தை ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றின் வாலில் கட்டவேண்டும். "இரவு ஒன்பது மணிக்கு" என்பதைவிட "கடைசி ஆள் உண்டு முடித்ததும்" என்பது உறுதியானது, ஏனெனில் உண்பது எப்படியும் நடக்கும். மற்றொன்று, தவறிய நாளுக்கு ஈடாக மறுநாள் இருமடங்கு செய்ய முயலவேண்டாம். மறுநாளும் வழக்கமான அளவையே செய்யுங்கள். மிகக் களைத்த இரவுகளுக்கென்று ஒரு குறைந்த அளவையும் முன்பே வகுத்துக்கொள்ளலாம்: மீந்த உணவை உள்ளே வைத்து, பாத்திரங்களை நீரில் ஊறப்போட்டு, மேடையின் ஒரு முழ நீளத்தை மட்டும் துடைத்தால் போதும். அதுவும் வழக்கம் நடந்த நாள்தான்.

அலமாரி

சீர்நடை அவர்களுடைய வாதத்தை முழுதாக ஏற்காவிட்டாலும், பாதியில் நின்றுபோகும் ஆபத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சமரசம் சொல்கிறேன்: வகைவகையாகக் குவித்துப் பார்க்கும் என் முறையை ஓர் இழுப்பறை அளவில், ஒரு தட்டின் அளவில் செய்யலாம். அடுப்பை அணைக்கும் நேரத்துக்குள் முடியாத எதையும் தொடங்காமல் இருப்பது மட்டும் விதியாக இருக்கட்டும்.

உணவுப்பொருள்களைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் பிற பொருள்களில் நாம் தவறினால் இடம்தான் வீணாகும், இதில் தவறினால் உடம்பு கெடும்.

முதலில் உறையில் உள்ள தேதியைச் சரியாகப் படிக்கவேண்டும். பல நாடுகளில் இரண்டு வகைத் தேதிகள் அச்சிடப்படுகின்றன. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்பது பாதுகாப்பைப் பற்றியது. அது கடந்துவிட்டால் மணம் நன்றாக இருந்தாலும் விட்டுவிடுவதே முறை. "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது" என்பது தரத்தைப் பற்றியது. பிரிக்காமல் உலர்ந்த இடத்தில் இருந்த பொருள் அந்தத் தேதிக்குப் பின்னும் உண்ணத்தக்கதாக இருக்கலாம். உப்புக்கும் சர்க்கரைக்கும், ஈரம் படாமல் இருந்தால், உண்மையில் காலாவதி என்பதே இல்லை.

அரைத்த மசாலாப் பொடிகள் நாளடைவில் நஞ்சாகிவிடுவதில்லை. அவற்றுக்கு மணம் தரும் ஆவியாகும் எண்ணெய்கள் போய்விடுகின்றன. முழுதாக உள்ளவை பொடிகளைவிட நீண்டநாள் தாங்கும். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, மணம் எழாவிட்டால் கழித்துவிடலாம். எண்ணெயும் கொட்டைப் பருப்புகளும் முழுதானிய மாவும் வேறு வகை. இவற்றில் உள்ள கொழுப்பு காற்றும் ஒளியும் வெப்பமும் படப்படச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். தவிடும் முளையும் நீங்காத மாவு, வெண்மையாக்கிய மாவைவிட விரைவில் கெடுவதற்கு அதுவே காரணம். எண்ணெய்க் கலத்தை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைக்கும் பழக்கம் மிகப் பரவலாக இருப்பதால் சொல்கிறேன்: கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஆனால் வெப்பம் படாத பக்கத்தில். கெட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது குழாயின் உள்ளே படிந்து அடைக்கும். மூடியுள்ள பழைய கலத்தில் அடைத்துக் குப்பையில் சேர்ப்பது நல்லது.

தானியத்தில் வண்டோ மாவில் அந்துப்பூச்சியின் நூலாம்படையோ தென்பட்டால், அந்த டப்பாவோடு நின்றுவிடாமல் அந்தத் தட்டில் உள்ள அனைத்தையும் பாருங்கள். புதிதாக வாங்கிய தானியத்திலும் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் இருக்கக்கூடும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் குறைந்தது 4 நாட்கள் உறையவைத்தால் அவை அழியும். அலமாரியின் மூலைகளையும் விளிம்புகளையும் துடைத்து, நன்கு காய்ந்த பிறகே டப்பாக்களைத் திரும்ப அடுக்கவேண்டும்.

உப்பிய அல்லது கசிந்த தகர டின்களைத் திறந்து சுவைத்துப் பார்க்கக்கூடாது. கொடிய நச்சைச் சுரக்கும் நுண்ணுயிரி அதில் இருக்கலாம். அதை மணத்தாலோ சுவையாலோ கண்டறிய முடியாது.

குளிர்சாதனப் பெட்டி 4 டிகிரி செல்சியஸ் அளவிலோ அதற்குக் கீழேயோ இருக்கவேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகுகின்றன. அதனால் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் உள்ளே வைத்து, 3 முதல் 4 நாட்களுக்குள் உண்டுவிடவேண்டும். உங்கள் இரவு வழக்கத்தில் மீந்ததை உள்ளே வைப்பதுதான் முதல் வேலையாக இருக்கவேண்டும். துலக்குவது அதன் பிறகு.

நல்ல உணவை எறிய மனம் வராதது நல்ல குணம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளில் வீணானது. தலைக்கு ஆண்டுக்கு 79 கிலோ. ஆனால் கெட்டுவிட்ட பொருளைத் திரும்ப உள்ளே வைப்பதால் அந்த வீண் குறைவதில்லை. அது குறையும் இடம், நீங்கள் கைவிட்ட வாராந்தரப் பட்டியல்தான். அதனால் இரவு வழக்கம் படிந்ததும் அடுத்து மீட்கவேண்டியது அதுவே.

பட்டறை

தொழிற்சாலையில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து உலகெங்கும் பரவிய, பணியிடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் ஐந்து-எஸ் முறையில் முதல் படி, தேவையானதையும் தேவையற்றதையும் பிரிப்பது. அங்கே ஐயத்துக்குரிய பொருளை உடனே எறிவதில்லை. சிவப்பு அட்டை ஒன்றில் தேதியை எழுதிக் கட்டி, தனி இடத்தில் ஒதுக்கிவைப்போம். குறித்த காலத்துக்குள் யாரும் அதைத் தேடி வராவிட்டால் அது வெளியேறும். வீட்டிலும் ஒரே ஒரு பெட்டி போதும். முடிவெடுக்க முடியாத பாத்திரத்தை அதில் போட்டு, மூடியின்மேல் தேதி எழுதி, அடுக்களைக்கு வெளியே வையுங்கள். தேவைப்பட்டு எடுத்த பொருள் அடுக்களைக்குள்ளேயே இடம்பெறட்டும். முடிவை உங்கள் மனம் எடுக்கவேண்டியதில்லை, பயன்பாடே எடுத்துவிடும்.

இன்னொன்று: புதிதாக வாங்கியதைத் தட்டில் பின்னாலும் பழையதை முன்னாலும் வைப்பது. சேமிப்புக் கிடங்குகளில் இதைத் தவறாமல் செய்கிறோம்.

சீர்நடை

பட்டறை அவர்கள் சொன்ன பெட்டி ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் ஆகிய மூவர் 1990-இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களில் பாதிப்பேருக்குக் காப்பிக் குவளைகள் கொடுக்கப்பட்டன. குவளை கையில் இருந்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, இல்லாதவர்கள் வாங்கத் தர முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. நம்முடையது ஆகிவிட்டது என்பதாலேயே ஒரு பொருளின் மதிப்பு நம் கண்ணில் உயர்ந்துவிடுகிறது. எனவே "இதைக் கழிக்கலாமா?" என்று கேட்காமல், "இது என்னிடம் இல்லாதிருந்தால் இன்று போய் வாங்குவேனா?" என்று கேட்டுப்பாருங்கள். விடை பெரும்பாலும் மாறும்.

ஆனால் நோய்க்காலத்தோடு சேர்ந்த பொருள்களில் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டாம் என்று வற்புறுத்துகிறேன். நோயாளிக்கென்று தனியே வைத்திருந்த தட்டு, குவளை போன்றவற்றை வைத்துக்கொள்வதா கழிப்பதா என்பதை அவரிடமே விடுங்கள். சிலர் அவற்றைக் கண்ணிலிருந்தே அகற்ற விரும்புவார்கள். சிலர் அதிலேயே தொடர்ந்து உண்ண விரும்புவார்கள். இரண்டும் முறையானவை.

கைத்துணை

அதை வழிமொழிகிறேன். மருந்துகளையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: அடுப்பின் வெப்பமும் நீராவியும் படும் இடம் பெரும்பாலான மருந்துகளுக்கு ஏற்றதில்லை. தொடர்ந்து உட்கொள்பவை வேறு அறையில் குளிர்ந்த, உலர்ந்த இடத்துக்குப் போகட்டும். தேவையற்றுப் போனவற்றைத் தொட்டியில் கொட்டாமல், திரும்பப் பெற்றுக்கொள்ளும் மருந்தகம் உண்டா என்று கேட்டு ஒப்படையுங்கள். மேடையில் பாதி இடம் இதிலேயே கிடைத்துவிடும்.

புலர்காலை

இவ்வளவு அக்கறையோடு எழுதியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. என் முடிவைப் பதிவுசெய்கிறேன். விடுமுறை நாளில் முழு அடுக்களையை ஒழிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இந்த வாரம் மருந்துகள் வேறு அறைக்குப் போகின்றன, பிறருடைய பாத்திரங்கள் அவரவரிடம் போய்ச் சேர்கின்றன. மேடை காலியானதும் இரவு வழக்கம் மட்டும் தொடங்கும். அது தானாக நடக்கத் தொடங்கிய பிறகு, உலர்பொருள் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வாராந்தரப் பட்டியலுக்குத் திரும்புவேன்.

ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. வீட்டில் மற்றவர்கள் பொருளை எடுத்த இடத்தில் வைப்பதில்லை. இதற்கு என்ன செய்வது?

பட்டறை

அவர்கள் எங்கே வைக்கிறார்கள் என்று சில நாட்கள் பாருங்கள். ஒரே பொருளை இருவர் ஒரே தவறான இடத்தில் வைத்தால், பொருளின் இடத்தை அங்கே மாற்றிவிடுங்கள். மற்றவற்றுக்குத் தட்டின் விளிம்பில் பெயர் எழுதி ஒட்டலாம். பென்சிலால் எழுதுங்கள், முதல் சில வாரங்களில் நிறைய அழித்து எழுதவேண்டியிருக்கும்.